செங்கல்பட்டு ஜாகீர்: பாதுகாப்புக்கு நவாப் கொடுத்த விலை

ஐரோப்பிய நாடுகள் தங்கள் இராணுவப் பாதுகாப்பைத் தாங்களே ஏற்க வேண்டுமா, அமெரிக்காவின் நிழலிலேயே தொடரலாமா என்ற விவாதம் இன்று உலகச் செய்திகளில் அடிக்கடி இடம்பெறுகிறது. 1949 ஏப்ரல் 4 அன்று வாஷிங்டனில் கையெழுத்தான வட அட்லாண்டிக் ஒப்பந்தம், அதாவது நேட்டோ, முக்கால் நூற்றாண்டாக அந்நாடுகளின் பாதுகாப்புக்கு அடிப்படையாக இருந்து வருகிறது. அந்த ஏற்பாடு நீடிக்குமா என்பதில் இப்போது ஐரோப்பியர்களுக்கே ஐயம் வந்துவிட்டது.

தன் நாட்டைக் காக்கும் பொறுப்பைத் தன்னைவிட வலிமையான ஒருவரிடம் ஒப்படைத்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டு வரலாற்றில் ஒரு முழு நீள எடுத்துக்காட்டு உண்டு. ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா அப்படி ஒப்படைத்தவர். அதற்கு அவர் முதலில் கொடுத்த பெரிய விலை, சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், மதுராந்தகம் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய நிலப்பரப்பு. 'செங்கல்பட்டு ஜாகீர்' என்று கம்பெனி ஆவணங்கள் குறிப்பிடுவது இதைத்தான். இந்த வரலாறு பள்ளிப் பாடங்களில் 'கர்நாடகப் போர்கள்' என்ற தலைப்பின்கீழ் தேதிகளாகச் சுருங்கிவிடுகிறது. போர்களுக்கு இடையே எழுதப்பட்ட கணக்குகளில்தான் உண்மையான கதை இருக்கிறது.

கோட்டையும் ஏரியும்

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து தெற்கே சில கல் தொலைவில், கொளவாய் ஏரியை ஒட்டி, செங்கல்பட்டுக் கோட்டையின் எச்சங்கள் உள்ளன. விசயநகர அரசர் காலத்தில் கட்டப்பட்ட இக்கோட்டைக்கு மதிலைவிடப் பெரிய அரண் தண்ணீர். ஏரியும் சதுப்பு நிலமும் சூழ்ந்திருந்ததால் பகைவர் எளிதில் நெருங்க முடியாது. சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பாதையும் காஞ்சிபுரத்திலிருந்து கடற்கரைக்கு வரும் பாதையும் இதன் கண்பார்வையில் இருந்தன. இதைப் பிடித்தவர் சென்னையின் தெற்கு வாயிலைப் பிடித்தவர் எனலாம்.

1749 ஆகஸ்டு 3 அன்று ஆம்பூரில் நடந்த போரில் நவாப் அன்வருத்தீன் கொல்லப்பட்டார். அவருடைய மகன் முகம்மது அலி திருச்சிராப்பள்ளிக்குத் தப்பினார். எதிர்த்தரப்பில் சந்தா சாகிப். அவருக்குப் பின்னால் புதுச்சேரியின் பிரெஞ்சுக்காரர்கள். முகம்மது அலிக்கு அன்று வேறு வழி இருக்கவில்லை. ஆங்கிலேயக் கம்பெனியின் உதவியை நாடினார். 1751இல் ராபர்ட் கிளைவ் ஆர்க்காட்டைப் பிடித்து முற்றுகையைத் தாங்கி நின்றதும், 1752இல் சந்தா சாகிப் கொல்லப்பட்டதும் பலரும் அறிந்தவை. அதே 1752இல் கிளைவ் சுமார் 200 ஐரோப்பியப் புதுப் படைஞர்களையும் 500 சிப்பாய்களையும் கொண்டு, பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கோவளம், செங்கல்பட்டு ஆகிய இரு கோட்டைகளையும் அடுத்தடுத்துக் கைப்பற்றினார். கோவளம் கோட்டை தகர்க்கப்பட்டது. செங்கல்பட்டு காக்கப்பட்டது.

காத்தது வீண்போகவில்லை. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, செங்கல்பட்டில் இருந்த கம்பெனிப் படையும், பின்னாளில் மருதநாயகம் என்று புகழ்பெற்ற யூசுப் கானின் சிப்பாய்களும் அவருடைய பின்பக்கத்தை விடாமல் தொல்லைப்படுத்தினர். 1759 பிப்ரவரியில் முற்றுகை கலைந்தது. செங்கல்பட்டைப் பிடிக்காமல் கடந்து சென்றது லாலியின் பெரும் தவறு என்று போர் வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். கம்பெனியும் அதைப் புரிந்துகொண்டது. ஒரு கோட்டை மட்டுமன்று, அதைச் சுற்றியுள்ள நாடும் தனக்கு வேண்டும் என்று எண்ணத் தொடங்கியது.

1763: நன்றிக் கடன்

1763 பிப்ரவரியில் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையில் இங்கிலாந்தும் பிரான்சும் முகம்மது அலியைக் கர்நாடகத்தின் முறையான நவாபாக ஏற்றுக்கொண்டன. அதே உடன்படிக்கை சலாபத் சங்கை தக்காணத்தின் சுபேதாராகவும் ஏற்றது. அவரோ ஏற்கெனவே தம்பியால் பதவி நீக்கப்பட்டுச் சிறையில் கிடந்தார். தொலைதூரத் தலைநகரங்களில் எழுதப்படும் ஒப்பந்தங்களின் தரம் அப்படி.

முகம்மது அலி நாற்காலியில் உறுதியாக அமர்ந்ததும் கம்பெனி கணக்கை நீட்டியது. பத்தாண்டுக்கு மேலாக நடந்த போர்களின் செலவு, நவாபுக்காகச் செய்த செலவாக எழுதப்பட்டிருந்தது. ஆளுநர் ஜார்ஜ் பிகட் இன்னொன்றும் கேட்டார்: சென்னையைச் சுற்றியுள்ள நாட்டைக் கம்பெனிக்கு ஜாகீராகத் தர வேண்டும். ஜாகீர் என்பது ஒரு பணிக்குக் கைம்மாறாக ஒரு பகுதியின் வரி வருவாயை ஒருவருக்கு ஒதுக்கித் தருவது. முகலாய ஆட்சியில் படைத்தலைவர்களுக்கு இப்படித் தருவது வழக்கம். ஆனால் பணி முடிந்தால் ஜாகீர் திரும்பிவிடும். கம்பெனிக்குக் கொடுத்தது திரும்பவே இல்லை.

நவாப் தயங்கினார், கடைசியில் 1763இல் இசைந்தார். 1765இல் முகலாயப் பேரரசர் ஷா ஆலம் அதற்கு ஒப்புதல் அளித்தார். வடக்கே பழவேற்காடு ஏரிக்கரையிலிருந்து தெற்கே ஆலம்பரை வரை கடலோரமாகவும், மேற்கே காஞ்சிபுரத்தைக் கடந்தும் நீண்ட நிலம் கம்பெனிக்குச் சொந்தமாயிற்று. இதில் ஒரு வேடிக்கை: அந்த நிலத்தை நவாபே கம்பெனியிடமிருந்து குத்தகைக்கு எடுத்தார். 1780 வரை தன் நாட்டின் ஒரு பகுதிக்குத் தானே குத்தகைதாரராக இருந்தார்.

ஊர்க்காவல் என்ற பழைய ஏற்பாடு

கம்பெனி வருவதற்கு முன் இந்த ஊர்கள் காவலின்றிக் கிடந்தன என்று நினைத்துவிடக் கூடாது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் ஜாகீரின் சுமார் 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். காந்திய ஆய்வாளர் தரம்பால் இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கணக்குகளை ஆவணக் காப்பகத்தில் தேடியெடுத்து ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு ஊரிலும் களத்துமேட்டில் நெல் அளக்கும்போதே கோயிலுக்கு, கணக்கப்பிள்ளைக்கு, தச்சருக்கு, குயவருக்கு, வண்ணாருக்கு, ஏரி பராமரிப்புக்கு எனப் பங்குகள் ஒதுக்கப்பட்டதை அவை காட்டுகின்றன. அந்தப் பட்டியலில் தலையாரிக்கும் பாளையக்காரருக்கும் உரிய காவல் பங்கும் இருந்தது.

இந்த ஏற்பாட்டைப் புகழ்ந்து பாட வேண்டியதில்லை. பாளையக்காரர் சிலர் காவல்காரராகவும் கொள்ளைக்காரராகவும் ஒரே நேரத்தில் இருந்தனர். பீரங்கிப் படையோடு வரும் ஐரோப்பியரையோ, ஆயிரக்கணக்கான குதிரைகளோடு வரும் மைசூர்ப் படையையோ தடுக்க அவர்களால் முடிந்திருக்காது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காவலுக்கான நெல் எந்த ஊரில் விளைந்ததோ அந்த ஊருக்கு அருகிலேயே காவலரும் இருந்தனர். காவல் சரியில்லையென்றால் யாரைக் கேட்பது என்று ஊராருக்குத் தெரியும்.

புதிய ஏற்பாட்டில் நெல் அதே களத்தில்தான் விளைந்தது. அது பணமாகிச் சென்னைக்குச் சென்றது. படை எங்கே செல்ல வேண்டும் என்பதைப் புனித ஜார்ஜ் கோட்டை முடிவு செய்தது.

கடன் எப்படி வளர்ந்தது

இந்தக் கதையில் மிகவும் விரிவாகப் பார்க்க வேண்டியது நவாபின் கடன்தான். பீரங்கிகளைவிட இதுவே அவரை வீழ்த்தியது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

நவாபின் கோட்டைகளில் கம்பெனிப் படை நிறுத்தப்பட்டது. அதன் செலவை நவாப் தவணை முறையில் செலுத்த வேண்டும். அறுவடை முடிந்து வரி வருவதற்கு முன்பே தவணை நாள் வந்துவிடும். உடனே பணம் வேண்டும். சென்னையில் கையில் ரொக்கம் வைத்திருந்தவர்கள் யார்? கம்பெனியின் அதிகாரிகளே. அவர்கள் தங்கள் சொந்தப் பெயரில் நவாபுக்கு மிக உயர்ந்த வட்டிக்குக் கடன் கொடுத்தனர். அந்தப் பணம் நவாபின் கை வழியாகக் கம்பெனியின் கருவூலத்துக்குச் சென்றது. பகலில் கம்பெனி அதிகாரியாக நின்று பாக்கியைக் கேட்டவர், மாலையில் கடன்காரராக வந்து அதை அடைக்கப் பணம் தந்தார்.

கடனுக்கு ஈடாக நவாப் ஒரு வட்டாரத்தின் வரி வருவாயை எழுதிக் கொடுப்பார். கடன்காரரின் ஆள் நேரே அங்கே சென்று வசூலிப்பார். அடுத்த ஆண்டு அந்த வட்டாரம் தனக்கு எழுதப்படுமா என்று அந்த ஆளுக்குத் தெரியாது. ஆகவே கிடைக்கும்போதே எவ்வளவு கறக்க முடியுமோ அவ்வளவையும் கறப்பார். ஏரியைத் தூர் வாருவதோ கால்வாயைச் செப்பனிடுவதோ அவர் கவலையன்று. நீருக்கு ஏரிகளையே நம்பியிருக்கும் நாட்டில் இதன் விளைவு என்னவாக இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பால் பென்ஃபீல்டு இந்தக் கடன்காரர்களில் பேர் பெற்றவர். கம்பெனியின் இளநிலை அதிகாரியான அவர், தஞ்சாவூர் வருவாயின்மீது தமக்கு 2,30,000 பவுனுக்கு மேல் உரிமை உண்டு என்று கோரினார். கம்பெனிப் படை 1773இல் நவாபுக்காகத் தஞ்சாவூரைப் பிடித்துக் கொடுத்திருந்தது; லண்டனிலிருந்து வந்த ஆணைப்படி 1776இல் அதைத் துளஜா மன்னருக்குத் திருப்பித் தர வேண்டியிருந்தது. திருப்பித் தந்தால் அந்த வருவாயை நம்பிக் கடன் கொடுத்தவர்களின் பணம் போய்விடும். இரண்டாம் முறையாக ஆளுநராகி வந்திருந்த அதே பிகட், பென்ஃபீல்டின் கோரிக்கையை ஏற்க மறுத்தார். 1776 ஆகஸ்டில் ஆலோசனைக் குழுவின் பெரும்பான்மையினர் தங்கள் ஆளுநரையே கைது செய்தனர். பிகட் 1777இல் காவலிலேயே இறந்தார். 1763இல் ஜாகீரைக் கேட்டு வாங்கியவரை, அந்தக் கொடையோடு தொடங்கிய கடன் முறையே விழுங்கியது.

1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி நீண்ட உரை ஆற்றினார். விசாரணையின்றி இக்கடன்களை ஏற்பது கொள்ளைக்குத் துணைபோவது என்பது அவர் வாதம். அவர் தோற்றார். பல ஆண்டுகளுக்குப் பின் கர்நாடகம் முழுவதும் கம்பெனி வசமான பிறகு அமைந்த விசாரணைக் குழுவின்முன் வந்த கோரிக்கைகள் சுமார் 3 கோடி பவுன். பல ஆண்டுகள் ஆராய்ந்து குழு உண்மையென ஏற்றது அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

1780: பாதுகாப்பு வராத ஆண்டு

இவ்வளவு கொடுத்ததற்கு நாடு காக்கப்பட்டதா என்று கேட்கலாம். ஐதர் அலியின் அனுபவத்திலிருந்து தொடங்குவது நல்லது. 1769இல் ஐதர் சென்னையின் எல்லை வரை வந்து நின்றபோது கம்பெனி அஞ்சி உடன்படிக்கை செய்துகொண்டது. ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவிக்கு வர வேண்டும் என்பது அதன் ஒரு பகுதி. அடுத்த ஆண்டே மராத்தியர் மைசூர்மீது படையெடுத்தனர். ஐதர் உதவி கேட்டார். கம்பெனி வரவில்லை. 1779இல் அவருடைய எதிர்ப்பையும் மீறி, அவர் நாட்டுக்குள் இருந்த பிரெஞ்சுத் துறைமுகமான மாகேயைக் கம்பெனி கைப்பற்றியது. இந்த முடிவுகளில் நவாபின் குரலுக்கு மதிப்பில்லை. செங்கல்பட்டு உழவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் அடி விழுந்தது அவர்கள் தலையில்.

1780 சூலையில் ஐதர் சுமார் 80,000 பேரோடு மலைக் கணவாய்கள் வழியாக இறங்கினார். அவரைத் தடுக்க எல்லையில் எவரும் இல்லை. நவாபின் கோட்டைகளில் இருந்த காவலர்களுக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி. தவணை கட்டியே தேய்ந்த கருவூலத்திலிருந்து அவர்களுக்கு யார் கொடுப்பது? கோட்டைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. பரங்கிமலையில் தளபதி ஹெக்டர் மன்றோ படை திரட்டியபோது, நவாபின் குதிரைப்படையினர் பாக்கிச் சம்பளம் தந்தாலன்றி நகர மாட்டோம் என்றனர். குதிரைப்படையே இல்லாமல் மன்றோ காஞ்சிபுரம் சென்றார்.

வடக்கே குண்டூர்ப் பகுதியிலிருந்து அவரோடு சேர வந்துகொண்டிருந்த கர்னல் பெய்லியின் படை, கொசத்தலை ஆற்று வெள்ளத்தால் தாமதப்பட்டது. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஐதரும் திப்புவும் அதைச் சூழ்ந்தனர். ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட அந்தப் படை அழிந்தது, பெய்லி சிறைப்பட்டார். சில மணி நேர நடைத்தொலைவில் இருந்த மன்றோ உதவிக்குப் போய்ச் சேரவில்லை. தம் கனரகப் பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கி, அங்கிருந்து சென்னைக்குத் திரும்பினார். பெருங்களத்தூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் வரை இன்று தொழிற்சாலைகளும் அடுக்குமாடிகளும் நெருங்கி நிற்கும் நாட்டுக்கு அப்போது காவல் இல்லாமல் போயிற்று.

ஐதரின் குதிரைப்படை சென்னையைச் சுற்றிய ஊர்களைத் திட்டமிட்டே எரித்தது. கம்பெனிப் படைக்கு ஒரு பிடி நெல்லும் ஒரு மாடும் கிடைக்கக் கூடாது என்பது அவர் நோக்கம். மக்கள் சென்னைக்கு ஓடினர். 1782இல் அங்கே பஞ்சம் வந்தது. வங்காளத்திலிருந்து அயர் கூட் வந்து 1781 சனவரியில் கருங்குழிக் கோட்டையைப் பிடித்ததும், வந்தவாசியை மீட்டதும், சூலையில் பரங்கிப்பேட்டையில் வென்றதும் கம்பெனியின் மானத்தைக் காத்தன. ஜாகீரின் ஊர்களை அவை காக்கவில்லை. பத்தாண்டுக்கு மேல் கழித்து, 1794இல் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் உடைந்த ஏரிகளைப் பழுதுபார்ப்பதில் பெருமுயற்சி எடுக்க வேண்டியிருந்தது. மதுராந்தகத்தில் 'ஏரி காத்த ராமர்' கதையில் வரும் கலெக்டர் துரை இவர்தான்.

9 லட்சம் வராகன்

போர் முடிந்ததும் நவாபுக்கு என்ன மிஞ்சியது? 1781 டிசம்பரில் நாட்டின் வருவாயையே கம்பெனியிடம் ஒப்படைத்து, ஆறில் ஒரு பங்கைத் தன் செலவுக்குப் பெற்றுக்கொண்டார். 1785இல் அது திரும்பக் கிடைத்தது. 1787 உடன்படிக்கைப்படி அமைதிக் காலத்திலும் பாதுகாப்புச் செலவுக்கு ஆண்டுதோறும் 9 லட்சம் வராகன் கட்ட வேண்டும். 1792இல் காரன்வாலிஸ் செய்த உடன்படிக்கையிலும் அதே 9 லட்சம். அதோடு கடனுக்காக ஆண்டுக்கு 6,21,105 வராகன். போர் வந்தால் நாட்டின் நிர்வாகம் முழுவதும் கம்பெனியிடம் போகும். தெற்கே பாளையக்காரரிடம் கப்பம் வசூலிக்கும் அதிகாரமும் கம்பெனிக்குச் சென்றது. கட்டபொம்மன் கதை தொடங்கும் இடம் இது.

கவனிக்க வேண்டியது இதுதான்: முகம்மது அலி பாதுகாப்புக்குக் குறைவாகச் செலவிட்டவர் அல்லர். தன் வருவாயில் பெரும்பகுதியை அதற்கே கொடுத்தார். ஆனால் அந்தப் பணத்தால் வாழ்ந்த படைப்பிரிவுகளில் ஒன்றுகூட அவர் ஆணைக்குக் கட்டுப்பட்டதில்லை. 1768 முதல் அவர் வாழ்ந்த சேப்பாக்கம் அரண்மனையே புனித ஜார்ஜ் கோட்டையின் பீரங்கிகளுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

1795இல் அவர் இறந்தார். 1799இல் திப்பு வீழ்ந்தபின், சீரங்கப்பட்டணத்தில் கிடைத்த கடிதங்களைக் காட்டி, நவாப் குடும்பம் திப்புவோடு இரகசியத் தொடர்பு வைத்திருந்தது என்று கம்பெனி குற்றம் சாட்டியது. 1801 சூலையில் முகம்மது அலியின் மகன் உம்தத்துல் உமரா மரணப் படுக்கையில் இருந்தபோது, அரண்மனையில் கம்பெனிப் படை நிறுத்தப்பட்டது. அமைதியைக் காக்க என்று காரணம் சொல்லப்பட்டது. அவர் மகன் அலி உசேன் கம்பெனியின் நிபந்தனைகளை ஏற்க மறுத்தார். மறுக்காத உறவினர் அசீமுத்தௌலா நவாபாக்கப்பட்டார். 1801 சூலை 31 உடன்படிக்கைப்படி நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு, கர்நாடகம் கம்பெனிக்கு.

மைசூர் தரும் மறுப்பு

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சொந்தப் படை வைத்திருந்த மைசூர் பிழைத்ததா? ஐதரும் திப்புவும் ஐரோப்பிய முறையில் பயிற்றுவித்த படையும் சிறந்த ஏவுகணைகளும் வைத்திருந்தனர். எவரிடமும் பாதுகாப்பை ஒப்படைக்கவில்லை. ஆயினும் 1792இல் பாதி நாட்டை இழந்து, 1799இல் முழுவதும் இழந்தனர். நவாப் குடும்பம் மைசூரைவிட இரண்டு ஆண்டுகள் கூடுதலாகவே பட்டத்தில் இருந்தது. அதன்பின் ஓய்வூதியமும் பெற்றது.

இந்த மறுப்பைத் தள்ளிவிட முடியாது. மைசூர் தனித்து நின்றதால் வீழ்ந்தது. 1790 போரில் மராத்தியரும் நிஜாமும் கம்பெனியின் பக்கம் நின்றனர். நிஜாமே 1798இல் துணைப்படை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, 1800இல் படைச்செலவுக்கு ஈடாகக் கடப்பை, பெல்லாரி உள்ளிட்ட மாவட்டங்களை விட்டுக்கொடுத்தார். வெல்லெஸ்லி பிரபு நாடெங்கும் பரப்பிய துணைப்படைத் திட்டத்துக்குக் கர்நாடகம் ஒரு முன்னோட்டம். ஒவ்வொரு அரசும் தனித்தனியே கம்பெனியிடம் பாதுகாப்பை வாங்கியது. தங்களுக்குள் சேர்ந்து பாதுகாப்பை உருவாக்க அவை முயன்ற தருணங்கள் சில உண்டு. அவற்றில் ஒன்றும் நிலைக்கவில்லை.

ஐரோப்பாவின் கணக்கு

இப்போது ஐரோப்பாவுக்கு வரலாம். ஒப்புமையை எங்கே நிறுத்த வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கா செருமனியிடம் ஜாகீர் கேட்கவில்லை. போலந்தின் வரியை வசூலிக்கவில்லை. 1966இல் பிரெஞ்சு அதிபர் டி கால் நேட்டோவின் கூட்டுப்படைத் தலைமையிலிருந்து பிரான்சை விலக்கி, நேட்டோ படைகளை வெளியேறச் சொன்னபோது அவை வெளியேறின. அப்படி ஒரு சொல்லை முகம்மது அலியால் சொல்லியிருக்க முடியாது. தாக்கப்பட்டால் அனைவரும் துணை நிற்க வேண்டும் என்ற நேட்டோவின் 5ஆம் விதி இதுவரை ஒரே முறை, 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின், அமெரிக்காவுக்காகவே பயன்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது.

இருந்தும் பொருந்தும் இடங்கள் உள்ளன. நேட்டோவின் ஐரோப்பியப் படைத்தலைமை 1951இல் ஐசனோவர் ஏற்றது முதல் அமெரிக்கத் தளபதிகளிடமே இருந்து வருகிறது. உளவு செயற்கைக்கோள்கள், நெடுந்தூர விமானப் போக்குவரத்து, ஏவுகணைத் தடுப்பு ஆகியவற்றில் ஐரோப்பா பெரிதும் அமெரிக்காவைச் சார்ந்துள்ளது. பிரிட்டனின் அணு ஆயுதங்களைத் தாங்கும் டிரைடென்ட் ஏவுகணைகளும் அமெரிக்காவோடு பகிர்ந்துகொள்ளும் இருப்பிலிருந்து வருபவை. 2025 மார்ச்சில் உக்ரைனுக்கு அளித்துவந்த ஆயுத உதவியையும் உளவுத் தகவலையும் அமெரிக்கா சில நாட்கள் நிறுத்தியது. பாதுகாப்பை ஒருவர் தரும்போது நிறுத்தும் உரிமையும் அவரிடமே இருக்கிறது என்பது அன்று ஐரோப்பியத் தலைநகரங்களுக்கு உறைத்தது. 1770இல் ஐதருக்கு உறைத்ததும் இதுதான்.

இதற்கு ஐரோப்பா அளித்துவரும் விடை பெரும்பாலும் தொகையாக இருக்கிறது. 2014இல் வேல்சு மாநாட்டில் உள்நாட்டு உற்பத்தியில் 2 விழுக்காடு என்ற இலக்கு. 2025 சூனில் ஹேக் மாநாட்டில் 2035க்குள் 5 விழுக்காடு, அதில் 3.5 நேரடி இராணுவச் செலவுக்கு. ஐரோப்பிய ஒன்றியம் ஆயுதம் வாங்க 150 பில்லியன் யூரோ கடன் வசதியும் அறிவித்தது. செருமனி தன் அரசியலமைப்பின் கடன் வரம்பைப் பாதுகாப்புக்காகத் தளர்த்தியது. இவை தேவையானவையே. ஆனால் செங்கல்பட்டு ஜாகீரின் கணக்கைப் படித்தவர்களுக்கு இந்த எண்கள் மட்டும் போதுமானதாகத் தோன்றாது. 9 லட்சம் வராகனும் பெரிய எண்தான். வாங்கிய விமானத்தின் உதிரிப் பாகமும் மென்பொருளும் யாரிடமிருந்து வர வேண்டும், படை எப்போது நகர வேண்டும் என்று யார் சொல்வது என்பவை அந்த விழுக்காட்டுக்குள் அடங்குவதில்லை.

ஐரோப்பிய நாடுகள் தங்கள் பாதுகாப்பைத் தாங்களே ஏற்க வேண்டும் என்றே இக்கட்டுரை கருதுகிறது. காரணம், அமெரிக்கா கம்பெனியைப் போன்றது என்பதன்று. போர் நடக்கப்போவது யாருடைய மண்ணிலோ, அதைத் தொடங்குவதும் தவிர்ப்பதும் அவர்கள் கையில் இருக்க வேண்டும் என்பதே. மாகேயைத் தாக்கும் முடிவைச் சென்னையில் எடுத்தவர்களின் வீடுகள் கோட்டைக்குள் இருந்தன. எரிந்தவை காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரத்து ஊர்கள்.

ஆனால் ஒவ்வொரு நாடும் தனித்தனியே தன்னைக் காத்துக்கொள்வது இதன் பொருளாக முடியாது. மைசூரின் முடிவு அதைக் காட்டுகிறது. கட்டாயப் படைப்பயிற்சியை ஒருபோதும் கைவிடாத பின்லாந்துகூட 2023இல் நேட்டோவில் சேர்ந்தது. 2024இல் சுவீடன் சேர்ந்தது. தன் காலில் நிற்கும் படையும் வேண்டும், கூட்டும் வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு. ஐரோப்பியர்கள் தங்களுக்குள் ஒரே படையை அமைக்க 1952இல் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். பிரான்சு, மேற்குச் செருமனி, இத்தாலி, பெல்சியம், நெதர்லாந்து, லக்சம்பர்க்கு ஆகிய ஆறு நாடுகள் அதில் இருந்தன. 1954 ஆகஸ்டு 30 அன்று பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை நிராகரித்தது. அந்தத் திட்டத்தை முதலில் முன்மொழிந்த நாடும் பிரான்சுதான்.